நர்கிஸாவிடம் யார் சொல்வது

1

இந்தக் கதை என்னுடையதில்லை. பெங்களூர் ஆடுகோடியில், நின்றுகொண்டே சாப்பிடும் ஓர் ஓட்டலில், காபி ஆறிப்போகும்வரை என் சிநேகிதி சுப்ரியா சொன்னது. ஹெப்பகோடி பக்கம் மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஏர்போர்ட்டில் போய் அழைத்துவருவது, தங்க இடம், சிம் கார்டு, போலீஸ் பதிவு, வயிறு கெட்டால் டாக்டர், எல்லாம். "வந்ததுலேர்ந்து போற வரைக்கும் அம்மா மாதிரி. அப்புறம் ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான்" என்பாள்.

சொல்லி முடித்ததும், இதை எழுதலாமா என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை. அடுத்தவர் வீட்டுச் சாவைப் பார்த்துக் கை நீளுகிற குரல்.

"எழுதேன்," என்றாள். "ஆனா என்னை நல்லவளா காட்டிடாத."

அன்றிலிருந்து இதை எழுதப் பயந்துகொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "சமர்கண்டிலிருந்து வந்த நர்கிஸாவின் கண்களில் பழைய பட்டுப் பாதையின்..."

வேண்டாம். அவள் கண்களை நான் பார்த்ததில்லை. பட்டுப் பாதையையும் பார்த்ததில்லை.

இரண்டாவது: "பெங்களூரில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு" என்று ஆரம்பித்துவிட்டுச் சுப்ரியாவுக்குப் போன் செய்து கேட்டேன். மழை இல்லையாம். நல்ல வெயிலாம்.

மூன்றாவது: போன் அடித்தது.

இதை வைத்துக்கொள்கிறேன். அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் சுப்ரியா தன் கேபினில் இருந்தபோது தெரியாத நாட்டு எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான் அக்மல். நர்கிஸா அண்ணன். நீங்கள் சுப்ரியா மேடம்?"

"ஆமா, சொல்லுங்க."

"நர்கிஸா பக்கத்தில் இருக்கிறாள்?"

கேபினுக்கும் டெஸ்டிங் லேபுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் நர்கிஸா தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு யாரிடமோ எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தாள்.

"இல்ல, பக்கத்துல இல்ல."

"எங்கள் அப்பா முடிந்துவிட்டது," என்றான் அவன். "இன்றைக்குக் காலை. இதயம்."

(அவன் பேசியது ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்த ஆங்கிலம். அதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் இப்படி எழுதியிருக்கிறேன். கேலி போலப் பட்டால் தவறு என்னுடையது.)

"இன்றைக்கே அடக்கம். எங்கள் வழக்கத்தில் காத்திருக்கக் கூடாது. அவள் அதற்குள் வர முடியாது. ஆனாலும் வரணும். தனியாக, இரண்டு விமானம். வழியில் அழுதால் யார் இருக்கிறார்? அப்பா ஆஸ்பத்திரியில் என்று நான் சொல்கிறேன். நீங்கள் எதுவும் சொல்லக் கூடாது. ப்ளீஸ். நீங்கள் அவள் சகோதரி மாதிரி."

சுப்ரியா "சரி" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்கிஸா நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினாள். சுப்ரியாவும் ஆட்டினாள்.

"ஏன் சரின்னு சொன்ன?" என்று நான் கேட்டேன்.

"அப்பாவைப் பறிகொடுத்தவன் போன்ல கெஞ்சறான். நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?"

3

எனக்கு நர்கிஸாவின் மேல்தான் சந்தேகம். அதாவது, நான் எழுதும் நர்கிஸாவின் மேல். ஒவ்வொரு வரைவிலும் அவள் ஓர் அப்பாவி வெளிநாட்டுப் பெண்ணாகவே வந்து உட்காருகிறாள். சுப்ரியா சொன்ன நர்கிஸா அப்படி இல்லை. எஞ்சினியரிங் கடைசி வருஷம். தயிர்சாதத்தில் சர்க்கரை போட்டுச் சாப்பிடுவாள், யார் முகம் சுளித்தாலும் கவலைப்பட மாட்டாள். 'அக்கா' என்ற சொல்லைக் கேன்டீனில் கற்றுக்கொண்டாள். கன்னடம், தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்பதில் அவளுக்குப் பரம திருப்தி.

ஒருமுறை பந்த் அன்று, காரணம் சொல்லாமல், "இன்னிக்கு ரூம்லயே இரு" என்று சுப்ரியா மெசேஜ் அனுப்பினாள். மறுநாள் நேராகக் கேபினுக்கு வந்து நின்றாள் நர்கிஸா. அவள் ஆங்கிலம் அண்ணனுடையது போல் இல்லை, சரளமாக வரும். "காரணத்தைச் சொல்லியிருந்தா நானே இருந்திருப்பேன் அக்கா. நான் குழந்தை இல்ல."

இதைக் கதையில் முன்னாலேயே சொல்லிவிடுவது நியாயமா என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் சுப்ரியா அன்று போனில் சொன்ன அந்தச் 'சரி'யின் கனம் உங்களுக்குப் புரியாது.

அப்பா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வருவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நர்கிஸா போனை மேசை சுற்றிலும் காட்டுவாள். ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிவார். கேன்டீனில் பரிமாறும் அன்னம்மாள், "ஐயா, சாப்பிட்டீங்களா?" என்று தமிழில் கேட்பார். அவர் தன் மொழியில் ஏதோ நீளமாகப் பதில் சொல்வார். சுப்ரியாவுக்கும் தினம் அந்த வணக்கம் உண்டு.

ஆகவே செத்துப்போனவர் சுப்ரியாவுக்குத் தெரிந்தவர். இதை நான் முதல் மூன்று வரைவுகளிலும் கவனிக்கவே இல்லை.

4

சுப்ரியாவின் மேலதிகாரி வெங்கடகிருஷ்ணன், மனிதவளத் தலைவர். இவரை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். முயன்றேன். அவர் ஒத்துழைக்கவில்லை.

"குடும்பத்துல என்ன சொல்றாங்களோ அதான் சுப்ரியா. நடுவுல நாம யாரு?"

"செத்துப்போனது அவளோட அப்பா சார். அவகிட்டயே மறைக்கணுமா?"

"ஏர்போர்ட்ல மயக்கம் போட்டு விழுந்தா? டெல்லியில ப்ளேன் மாறணும். அங்க யார் இருக்கா? சாயங்கால ப்ளைட்டுக்கு டிக்கெட் போடச் சொல்றேன். நீங்க கூடப் போங்க. உள்ள போற வரைக்கும் பார்த்துக்கோங்க. அதுவரைக்கும்தான் நம்ம பொறுப்பு."

சுப்ரியா எழுந்திருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எங்கப்பா போனப்ப நான் மஸ்கட்ல இருந்தேன். எனக்கும் சொல்லல. சீரியஸ்னுதான் சொன்னாங்க. ப்ளேன்ல நல்லாச் சாப்பிட்டேன், தூங்கினேன். தெருமுனையில பந்தல் காலைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது. அப்ப எல்லார் மேலயும் கோபம். இப்ப... அது சரியா தப்பான்னு சொல்லத் தெரியல."

* 'சீரியஸ்' பற்றி ஒரு குறிப்பு. நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்குப் பாதி அர்த்தம் ஆங்கிலம், மீதி அர்த்தம் நம்முடையது. "சீரியஸா இருக்காரு, உடனே கிளம்பி வா" என்றால் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல பஸ் ஏறுவோம். சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து செய்யும் ஏற்பாடு அது. நர்கிஸாவுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. அண்ணன் சொன்ன ஆஸ்பத்திரியை அவள் ஆஸ்பத்திரி என்றே நம்பினாள்.

5

மதியம் அண்ணன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னான். சுப்ரியா அவளை அழைத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள், பெட்டி கட்ட உதவினாள். வழக்கமாகப் பயிற்சியாளர்களுக்கு வண்டி ஓட்டும் மஞ்சுநாத் வந்தார். அவருக்கும் விஷயம் தெரியும். அவர் கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்கவில்லை.

ஓசூர் ரோட்டில் வண்டி நகர்ந்து நகர்ந்து ஆடுகோடிக்கு வந்தபோது நர்கிஸா, "அக்கா, ஒரு நிமிஷம் நிறுத்தலாமா? அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கணும்" என்றாள்.

(இந்த இடத்தில் நான் நான்கு நாள் நின்றேன். சட்டை வேண்டாம், பழம் என்று மாற்றலாமா? கடை மூடியிருந்ததாக எழுதிவிடலாமா? எழுதுகிறவளுக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் கடை திறந்திருந்தது. நாங்கள் காபி குடித்த இடத்திலிருந்து பார்த்தால் தெரியும். சுப்ரியா கையைக் காட்டவில்லை, அந்தத் திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் சொன்னாள்.)

"லேட் ஆயிடும் நர்கிஸா."

"ஆஸ்பத்திரியில ஊசி போடுவாங்க, பிரஷர் பார்ப்பாங்க. முன்னாடி பட்டன் வச்ச சட்டைதான் சுலபம். அரைக்கையா இருந்தா இன்னும் நல்லது. இல்லையா?"

"ஆமா. அரைக்கை நல்லது."

கடைக்காரர் சட்டைகளைப் பரப்பினார். நர்கிஸா நீலத்தையும் சாம்பல் கோடு போட்டதையும் எடுத்தாள். எது என்று கேட்டாள். சுப்ரியா நீலம் என்றாள். தோள் அகலம் சந்தேகமாக இருந்தது. "அக்கா, நீங்க வீடியோவுல பார்த்திருக்கீங்களே, சரியா இருக்குமா?" என்று கேட்டாள். சுப்ரியா சட்டையை வாங்கித் தோள்பட்டையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள்.

"சரியா இருக்கும்."

"சைஸ் ஒத்து வரலேன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்து மாத்திக்கோங்க மேடம்," என்றார் கடைக்காரர்.

6

வண்டி ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டியதும் நர்கிஸா அண்ணனை வீடியோவில் கூப்பிட்டாள். அவன் எடுத்துவிட்டான். யோசிக்காமல் எடுத்திருக்க வேண்டும். சில நொடிகள் முற்றமும் தொப்பி போட்ட ஆண்கள் சிலரும் தெரிந்தார்கள். பிறகு அவன் முகம். அப்பாவைக் காட்டு என்றாள் போல. அவன் ஏதோ சொன்னான். அவள் மெல்லிய குரலில் பதில் சொல்லிவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஐசியூவுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாதாம்," என்றாள். வெளியே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணன் மேலங்கி போட்டு இடுப்புல துணி கட்டியிருந்தான் அக்கா. எங்க பக்கம் வீட்டுல சாவு விழுந்தா ஆம்பளைங்க அப்படித்தான் கட்டுவாங்க."

சுப்ரியாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

இங்கே இரண்டு வழி இருக்கிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: சுப்ரியா, "எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்கிறாள். நர்கிஸா சந்தேகத்தோடு விமானம் ஏறுகிறாள். இப்படி எழுதியபோது, டெல்லியில் விமானம் மாறக் காத்திருந்த அந்தப் பெண்ணை என்னால் அவள் உட்கார்ந்த நாற்காலியைவிட்டு எழுப்பவே முடியவில்லை.

இரண்டு: சுப்ரியா அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். படித்துப் பார்த்தால் நன்றாக வந்திருந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. சுப்ரியா மஞ்சுநாத்திடம் வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். "அப்பா இல்ல நர்கிஸா. காலையிலயே போயிட்டார். அடக்கமும் முடிஞ்சிருக்கும்" என்றாள். மூன்று வாக்கியங்கள். பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் கடைசி வாக்கியத்தைத் திரும்பவும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

நர்கிஸா அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சட்டை வாங்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் தலையசைத்தாள். மஞ்சுநாத் தானாகவே வண்டியை எடுத்தார்.

7

நர்கிஸா பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அதற்காக உங்களைத் தவிக்கவிட எனக்கு மனசில்லை. டெல்லியில் மயக்கம் போடவில்லை, விமானத்தைத் தவறவிடவில்லை. "வந்துவிட்டேன்" என்று ஒரு மெசேஜ். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. இப்போது வேறு நாட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். வெளிநாட்டு எண் எது அடித்தாலும் சுப்ரியா முதலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கிறாள், யார் யார் இருக்கிறார்கள் என்று.

எனக்கு எழுத முடியாமல் இருப்பது ஏர்போர்ட் வாசலில் நடந்தது மட்டும்தான்.

மஞ்சுநாத் பெட்டியை இறக்கி டிராலியில் வைத்தார். நர்கிஸா பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுப்ரியாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தெரியாதுன்னே அவன் நினைக்கட்டும். என்னைப் பத்திரமா கொண்டுசேர்க்கணும்னு அவ்வளவு பாடுபட்டிருக்கான். அதுலயும் தோத்துட்டான்னு இருக்க வேண்டாம். இன்னிக்கு அவனுக்கு அது ஒண்ணாவது சரியா நடக்கட்டும். சத்தியமா சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்ல மாட்டேன்."

அவள் வரிசையில் போய் நின்றாள். காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். கண்ணாடிக் கதவுகள் மூடிக்கொண்டன. சுப்ரியாவின் கையில் போன் அடித்தது.

"மேடம், அக்மல். தங்கச்சி உள்ளே போனாள்?"

"இப்பதான் போனா."

"நன்றி. ரொம்ப நன்றி." அவன் நிறுத்தினான். பின்னால் யாரோ ஒரு பெண்மணியின் அழுகை கேட்டது. "மேடம், எனக்குப் பயம். ஏர்போர்ட்டில் நான்தான் நிற்பேன். என் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பாள். அப்பா எப்படி என்று கேட்பாள். அப்போது நான் எப்படிச் சொல்வது? அம்மாவிடம் நான்தான் சொன்னேன். இன்னொரு தடவை என்னால் முடியாது." மூச்சு விட்டான். "அவளுக்கே தெரிந்திருந்தால்... கடவுளே, தெரிந்திருந்தால் நல்லது. அவளுக்குத் தெரியுமா மேடம்?"

சுப்ரியா என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் எழுதப்போவதில்லை. எழுதி எழுதி அழித்துவிட்டேன். 'தெரியும்' என்று எழுதினால் வரிசையில் நின்ற அந்தப் பெண்ணின் முதுகு தெரிகிறது. 'தெரியாது' என்று எழுதினால் இந்தப் பையன் விமான நிலையத்தில் நிற்பது தெரிகிறது. இரண்டில் எதை அழித்தாலும் இன்னொன்று தாளில் நிற்கிறது. அதனால் இந்த ஒரு வரியை மட்டும் உங்களிடம் விடுகிறேன். நீங்கள் சுப்ரியாவின் இடத்தில் நில்லுங்கள். பின்னால் போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். மஞ்சுநாத் வண்டிக்குள்ளிருந்து, "மேடம், காடி தெகீபேகு" என்று, வண்டியை எடுக்கணும் என்று, கன்னடத்தில் கூப்பிடுகிறார், அங்கே வெகுநேரம் வண்டியை நிறுத்த விட மாட்டார்கள்.

நீங்கள் பேசாமல் இருப்பதால், தன் ஆங்கிலம்தான் உங்களுக்குப் புரியவில்லை என்று அக்மல் நினைத்துக்கொள்கிறான். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தெளிவாக, திரும்பவும் கேட்கிறான்:

"என் தங்கச்சி. அவளுக்கு. தெரியுமா?"