வலது ஓரத்தில் மூன்று கல்

பாதையில் கல் அடுக்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் படம் எடுப்பதற்காகக் கல்மேல் கல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கல்லுக்கடியில் ஒண்டியிருந்த பல்லி வெயிலில் சாகும். பின்னால் வருகிறவன் அதை அடையாளம் என்று நம்பித் தப்பான பக்கம் போவான். எங்கே கண்டாலும் கலைத்துவிட வேண்டும் என்பது எங்கள் தன்னார்வலர் விதி. ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே, வீடுகளுக்கு நடுவில் மிச்சம் விட்ட பாலைவனத்தில் இரண்டு மைல் வட்டப்பாதை என் பொறுப்பு. பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டு புதன்கிழமைதோறும் போவேன். மற்றவர்கள் கையால் கலைப்பார்கள். நான் காலால்தான்.

அக்டோபரிலிருந்து எவனோ என்னோடு மல்லுக்கு நின்றான். பாதை பிரியும் நான்கு இடங்களிலும், வலது ஓரத்தில், மூன்று கல். உச்சியில் எப்போதும் ஒரு வெள்ளைக் கல். நான் உதைத்துவிட்டு வருவேன், அடுத்த வாரம் மறுபடி நிற்கும். ஐந்து வாரம் இப்படியே போயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னோடு சண்டைக்கு வர யார் இருந்தார்கள்?

தபால் பெட்டி அருகே அடுத்த வீட்டு டெல்மாரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது, மனைவி இறந்தபின் தனியாள். சில மாதங்களாக ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்தது. தன் வீட்டுக்குப் பதில் என் வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நிற்பார்.

"ஏதோ ஒரு லூசு கல்லா அடுக்கிட்டுப் போகுது டெல்மார். நானும் விடாம உதைச்சுத் தள்ளுறேன்."

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "யாருக்காவது வழி தெரிய வச்சிருப்பாங்களோ என்னமோ?"

"கையெழுத்துப் போட மறந்தாலும் மறக்கலாம், இந்தப் பாதைய எவனாவது மறப்பானா? எங்க நின்னாலும் நாலு பக்கமும் தெரியுது. அதுலயும் வழி தெரியாதவன் பேசாம வீட்டுல உக்காரட்டும்."

"நீ எந்தக் கிழமைம்மா போவே?"

"புதன்கிழமை."

"புதன்கிழமை," என்று அவரும் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் மகள் ஜனெல் டென்வரிலிருந்து வந்தாள். முதியோர் விடுதிப் படிவத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அப்பாவும் மகளும் போட்ட சத்தம் என் சமையலறை வரை கேட்டது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு டெல்மார் அந்தப் பாதையைத் தனியாக ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டால் தன் வீட்டிலேயே இருக்கலாம். வராவிட்டால் அன்றைக்கே விடுதி. யாரும் கூடப் போகக்கூடாது, குரல் கொடுக்கக்கூடாது. கார் நிறுத்துமிடத்துக் கூரையின்கீழ் உட்கார்ந்தால் பாதை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். நீங்களும் கூட இருங்கள் என்று ஜனெல் என்னைக் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியூர்க்காரி பார்க்கப்போகிறாளே, பாதை சுத்தமாக இருக்கட்டும் என்று சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே போனேன். நான்கு பிரிவிலும் கல் நின்றது. மூன்று நாள் முன்புதானே கலைத்தேன்! சிரிப்பு வந்தது. உதைத்தேன். வெள்ளைக் கற்களை மட்டும் பொறுக்கி, இனி கைக்கு எட்டாதபடி முள்ளுக்கள்ளிப் புதருக்குள் வீசினேன்.

ஒன்பது மணிக்கு டெல்மார் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக வந்து நின்றார். சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். "இப்ப பாரு," என்று மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தார். முதுகு நேராக, நல்ல வேகம்.

முதல் பிரிவில் நின்றார்.

வலது ஓரத்தைப் பார்த்தார். இரண்டு அடி முன்னால் போய் மறுபடி பார்த்தார். பிறகு மண்டியிட்டு, மண்ணைக் கையால் துழாவினார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன்.

"என்னத்தத் தேடுறாரு?" என்றாள் ஜனெல்.

ஒரு வார்த்தை போதும். அது அவர் வைத்த கல்தான், நான் இன்று காலைதான் உதைத்தேன், என்றால் போதும். இன்னொரு நாள் விட்டுப் பார்க்கலாம் என்று அவள் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் என் மேலங்கியை அவ்வளவு மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலையேம்மா," என்றேன்.

பத்து நிமிடம் தேடினார். கடைசியில் எழுந்து இடது பக்கம் போனார். அது வீடுகளின் பின்சுவரில் போய் முட்டும் வழி. சுவருக்குள்ளிருந்து ஒரு நாய் குரைக்க, அவர் சுவரைத் தடவிக்கொண்டே கதவைத் தேடினார். பாலைவனம் திறந்து கிடந்ததால் எங்களுக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. அங்கே நடந்துபோன இருவர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மணி நேரம் முடியும்வரை ஜனெல் நகரவில்லை. பிறகு ஓடிப்போய்க் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள்.

அவர் முழங்காலெல்லாம் மண். என்னை நேராகப் பார்த்தார். கண் தெளிவாக இருந்தது.

"ஏம்மா ரோடா, உன் முறை புதன்கிழமைதானே? அதனாலதான் நேத்து சாயங்காலம் வச்சேன்."

ஜனெலுக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னைக்கு சனிக்கிழமைப்பா. பாத்தீங்களா ரோடா? கிழமைகூடத் தெரியல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்.

"பாவம்," என்றேன்.

மதியமே கூட்டிப்போய்விட்டார்கள். அடுத்த புதன்கிழமை பாதைக்குப் போனேன். முதல் பிரிவில், வலது ஓரத்தில், அன்று மண்டியிட்டபோது அவர் பொறுக்கி வைத்த இரண்டு கல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. அதையும் உதைத்துவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் அங்கே யாரும் கல் அடுக்குவதில்லை.