ஜன்னல் வேண்டாம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தரட்டுமா என்று கேட்பேன். வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். ஞாயிறுதோறும் கூடும் எங்கள் லினக்ஸ் குழுவில் பதினெட்டுப் பேருக்கும் இதே வியாதி. விண்டோஸ் வைத்திருப்பவர்களை ஜன்னல்காரர்கள் என்போம். அந்தப் பட்டப்பெயரைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், அசல் ஜன்னல்காரர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஓடுகிற மெஷினில் எதற்குக் கை வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சாப்பாட்டு மேஜையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தால் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள்.

அக்கா மருத்துவப் பாடநூல்களுக்குப் படம் வரைபவள். கை அறுவைசிகிச்சை பற்றிய ஒரு புத்தகத்துக்காகப் பதினொரு மாதம் உட்கார்ந்து நூற்று இருபத்தாறு படங்கள் வரைந்திருந்தாள். அவள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டதும் நான்தான். இணையத்தில் ஒரு நகல் வைக்கலாமே என்று மச்சான் சொன்னபோது, உன் உழைப்பை எவன் வீட்டுப் பரணிலோ ஏன் போட்டு வைக்கிறாய் என்று குறுக்கே விழுந்து கெடுத்ததும் நானேதான். அதனால் எல்லாப் படங்களும் வெளியே செருகும் ஒரே ஒரு டிஸ்கில் இருந்தன.

அந்த டிஸ்கை வாங்கிய அன்று மச்சான் ஒன்றே ஒன்று கேட்டார். இரண்டு வகைக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்படி அதை ஃபார்மேட் செய்யச் சொன்னார். பெரிதாகத் தலையாட்டினேன். தனியாக இருந்தபோது லினக்ஸில் மட்டும் திறக்கும்படி செய்தேன். டிஸ்குக்கு ஒரு பெயரும் வைத்தேன்: 'ஜன்னல் வேண்டாம்'. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஒரு வாரத்தில் மறந்தும் போனேன்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை. படங்கள் அன்று நான்கு மணிக்குள் பதிப்பகத்துக்குப் போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. இன்னொரு முறை தவறினால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கென்று பார்த்து அவள் கம்ப்யூட்டர் உயிரை விட்டிருந்தது. மச்சான் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் செருகி, கூடவே நகல் எடுக்க ஒரு புது டிஸ்கையும் செருகியிருக்கிறார். இரண்டில் ஒன்றைப் படிக்க முடியவில்லை, துடைத்து ஃபார்மேட் செய்யவா என்று திரை கேட்டது. அக்காவின் டிஸ்க்தான் இங்கேயும் திறக்குமே, அப்படியானால் கேட்பது புதுசு என்று நினைத்து, 'சரி' என்று அழுத்திவிட்டார். டிஸ்க் காலி.

நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் எழுந்து நின்றார். "என் தப்பு மாப்ள. பார்த்து அழுத்தியிருக்கணும்," என்றார். அப்போதுதான் நான் செய்த ஃபார்மேட் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

குழுவில் செய்தி போட்டேன்: ஒரு ஜன்னல்காரர் லினக்ஸ் டிஸ்கை அழித்துவிட்டார், உடனே உதவி வேண்டும். பத்து நிமிடத்துக்கு வெறும் சிரிப்பு. ஒருவன், ஜன்னலைத் திறந்தால் கொசுதான் வரும் என்று எழுதியிருந்தான். அதுவும் நான் சொன்ன வசனம்தான். கடைசியில் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பதால் நாங்கள் தபால் என்று கூப்பிடும் நண்பர் நேராக போன் செய்தார். டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதாதே, முதலில் முழுசாக நகல் எடு, நகலில் தேடு என்றார். எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை லினக்ஸ் பல இடங்களில் பிரதி எடுத்து வைத்திருக்கும், ஏதாவது ஒன்று தப்பியிருக்கும் என்றும் சொன்னார்.

புது டிஸ்க் அப்படியே காலியாக இருந்தது. என் லேப்டாப் வழியாக அதில் நகல் எடுக்க இரண்டரை மணி நேரம் ஆனது. ஒயரில் யாரும் தடுக்கிவிடக் கூடாது என்று மச்சான் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். போதாதற்கு, லிஃப்ட் வாசலில் வைக்கும் 'பழுதுவேலை நடக்கிறது' பலகையைக் கொண்டுவந்து அறை வாசலில் வைத்தார். வேறொரு நாளாக இருந்தால் ஒரு மாதத்துக்குக் கிண்டல் செய்திருப்பேன். அக்கா துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டியலின் முதல் பிரதி வேலைக்கு ஆகவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதைக் கொடுத்தேன். திரையில் வரிகள் ஓடின. நடுவில் டிஸ்கின் பெயர் பளிச்சென்று வந்து நின்றது.

மச்சான் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து மெதுவாகப் படித்தார். "ஜன்னல் வேண்டாம்."

டிஸ்க் பிழைத்துவிட்டது என்ற சந்தோஷமும், என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது என்ற அவமானமும் ஒரே நொடியில் வந்தன. எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். ஒன்றையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"படத்தைத் தேடு மாப்ள," என்றார். "மத்தது அப்புறம்."

நூற்று இருபத்து நான்கு படங்கள் முழுசாகக் கிடைத்தன. கட்டைவிரல் படம் இரண்டு சிதைந்திருந்தன. அவற்றை மாதிரிக்கென்று முன்பே பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தது அக்காவுக்கு நினைவு வந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள், பிறகு அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று இருபதுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது.

மச்சான், டிஸ்க் பழசு என்று என்னைக் காப்பாற்ற ஏதோ ஆரம்பித்தார். நான் இடைமறித்து எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். தலையாட்டியது, பெயர் வைத்தது, காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தது, எதையும் விடவில்லை.

"இனிமே என் படம் மூணு இடத்துல இருக்கும்," என்றாள். "மூணுலயும் உங்க கட்சி கிடையாது. ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."

சாப்பிடும் முன் போனைப் பார்த்தேன். குழுவில் இன்னும் கேலி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல்காரர் அழுகிறாரா என்று ஒருவன் கேட்டிருந்தான். நான் எழுதினேன்: அந்த டிஸ்க் அழிந்ததற்குக் காரணம் ஜன்னல்காரர் இல்லை. நான்.

சிரிப்பு நின்றது. பிறகு தபால் மட்டும் கேட்டார், படம் கிடைத்ததா என்று.

கிடைத்தது என்று எழுதிவிட்டு, மச்சானுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எங்கேயும் போகவில்லை.