கருவேலம்பட்டைச் சாறும் இசக்கிச்செல்வியின் சிரிப்பும்

பல் வைத்தியம் முடிந்த மறுவாரத்திலிருந்து இசக்கிச்செல்வி சிரித்தால் தேனீக்கள் வந்தன. கோவில்பட்டியில் அவளும் புருஷன் செல்லத்துரையும் நடத்திய கடலைமிட்டாய்க் கடையில் பாகு காயும் சட்டியை அவை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக அவள் உதட்டோரம் வந்து சுற்றிவிட்டு, சிரிப்பு அடங்கியதும் போய்விட்டன. யாரையும் கொட்டவில்லை. அவள் வாயில் கருவேலம்பூ வாசம் அடித்தது. வருஷக்கணக்கில் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, நாற்றத்துக்குக் கூச்சப்பட்டு முந்தானையால் வாயை மூடியே பேசிவந்தவள் அவள். நாகலாபுரத்துக்காரரான அருண்பாண்டியன் டாக்டர் ரூட் கெனால் செய்தபோது, வழக்கமான மருந்து அவளுக்குக் குமட்டியதால், தான் படிக்கையில் ஆராய்ச்சி செய்த கருவேலம்பட்டைச் சாற்றை வேருக்குள் செலுத்திக் கழுவினார். கிருமி செத்தது, சீழ் வற்றியது. தேனீக்களைப் பற்றிக் கேட்டதற்கு, அது தன் ஆராய்ச்சியில் வரவில்லை என்று மட்டும் சொன்னார்.

ஊரார் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு தேனீயைக் கையால் ஒதுக்கிவிட்டு மிட்டாய் வாங்கினார்கள். செல்லத்துரைக்குத்தான் பொறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் பார்த்திராத அவள் பல்வரிசையை இப்போது தீப்பெட்டி ஆபீஸ் பெண்களும் லாரி டிரைவர்களும் பார்த்தார்கள். வெல்லம் எடுக்க உள்ளே போனவன் ரீங்காரம் கேட்டால் போட்டது போட்டபடி ஓடிவருவான். ஒருமுறை அவள் ஒரு ஆட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருமுறை எதிரில் யாருமே இல்லை. அதுதான் அவனை ரொம்பச் சுட்டது.

“ஏட்டி, யார நெனச்சு சிரிச்ச?”

“யாரயும் நெனைக்கல. பல்லு வலிக்கல, சிரிச்சேன்.”

டாக்டரைத்தான் நினைத்திருப்பாள் என்று அவன் முடிவுகட்டினான். நேரே கிளினிக்குக்குப் போய் அந்தப் பல்லைப் பிடுங்கிவிடச் சொன்னான். டாக்டர் கை கழுவிக்கொண்டே, “அது அவிய பல்லு அண்ணாச்சி. அவிய வந்து கேக்கட்டும்” என்றார்.

விஷயம் இசக்கிச்செல்வியின் காதுக்கு எட்டியது. அவள் சண்டை போடவில்லை, சிரிப்பதை நிறுத்திவிட்டாள். தேனீக்கள் கடை வாசலில் சும்மா சுற்றிவிட்டுத் திரும்பின. செல்லத்துரை நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவை திரும்பிப் போவதை அவன்தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில் அவனுக்கே பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கியது. அந்தக் கிளினிக் வாசலை மிதிக்க மாட்டேன் என்று கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடந்தான். காய்ச்சல் கண்டு கண் ஒன்று மூடிக்கொண்டபோது, இசக்கிச்செல்வி ஆட்டோ பிடித்து அவனை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தாள். டாக்டர் பழசைப் பேசவில்லை. ஊசி போட்டு வீக்கம் வடிந்தபின், அதே சாற்றால் கழுவிப் பல்லை அடைத்தார்.

குணமானவன் தினமும் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்தான். ஒரு தேனீயும் வரவில்லை. இப்போது அவனுக்கு டாக்டர்மேல் இருந்த பொறாமை பெண்டாட்டிமேல் திரும்பியது.

“அதே டாக்டரு, அதே சாறு. எனக்கு மட்டும் ஏன் வரல?”

“நீங்க என்னைக்குச் சிரிச்சிய?” என்று கேட்டுவிட்டு அவள் கடலை புடைக்கப் போனாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், ஒரு தட்டு மிட்டாயோடு கடை முன்னால் இறங்கிய செல்லத்துரை கரிசல் சேற்றில் வழுக்கி மல்லாக்க விழுந்தான். இசக்கிச்செல்வி எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிப்பை யார் யார் பார்க்கிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்து வழக்கம்போல் சுற்றிப் பார்த்தவன், எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று கண்டான். வேட்டியையும் சேற்றில் சிதறிக் கிடந்த மிட்டாயையும் குனிந்து பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தேனீக்கள் வந்து முதலில் அவளிடம் போயின; பிறகு பாதி பிரிந்து அவனிடம் வந்தன. கடை எதிரே கழுகுமலை பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவற்றுக்கு வழிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். பஸ் வந்ததும் ஏறிப் போனார்கள்.