ஒசெல்லா டிரிபெட்டும் அம்மாவின் துணிக்கொடியும்

ஒசெல்லா டிரிபெட் பியானோ வாசித்தால் கேட்கிறவர்கள் தரையை விட்டு எழும்புவார்கள். சாதாரணப் பாட்டுக்கு ஒரு சாண், நல்ல பாட்டுக்கு முழங்கால் உயரம், அவள் மனம் வைத்துவிட்டால் கூரைதான். அவளுடைய எட்டாவது வயதில் எங்கள் ஊர் ஹாலோவெல் பாப்டிஸ்ட் சபையில் முதன்முதலாக இது நடந்தபோது பிரசங்கியாரின் தலை விளக்கில் இடித்தது. அடுத்த ஞாயிறிலிருந்து, வெள்ளைக் கையுறை போட்டு விசிறி கொடுக்கிற சகோதரிகள் கணுக்காலைப் பிடித்து இறக்குகிற வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். கைக்குழந்தைகளைப் பெஞ்சோடு கட்டினோம். பெரியவர்கள் கனத்துக்காகக் கோட்டுப் பையில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மற்றபடி அந்த வருஷம் மழை சரியாகப் பெய்தது, புகையிலைக்குத்தான் விலை இல்லை.

பெரியவளானதும் சொந்தமாக ஒரு பேண்ட் சேர்த்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனாள். கறுப்புப் பெண், அதுவும் ஆம்பிளைகளுக்குச் சம்பளம் கொடுக்கிறவள், அதுவும் பின்வாசல் வழியாக எங்கேயும் நுழையமாட்டாள் என்றால் நாட்டில் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. அறை இல்லை என்று சொன்ன ஓட்டல்களின் எதிரே பஸ்ஸை நிறுத்தி, பின்பக்கம் ஏற்றியிருந்த பியானோவை வாசிப்பாள். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் மாடி ஜன்னல் உயரத்தில் மிதந்தபடி சாவியைக் கீழே போடுவார். வடக்கே பெரிய பெரிய அரங்குகளில் ஆயிரக்கணக்கானவர்களைத் தூக்கினாள். வானொலியில் மட்டும் அவ்வளவு பலன் இல்லை, நாற்காலி லேசாக ஆடும், அவ்வளவுதான். தெற்கே எங்கள் பக்கத்துக்கு வந்தால்தான் அவளுக்குக் கை எழாது. காரணம் கயிறு.

இங்கே நடனமெல்லாம் புகையிலை ஏலம் போடுகிற கிடங்குகளில்தான். நடுவில் நீளமாக ஒரு கயிறு கட்டியிருக்கும், அந்தப் பக்கம் வெள்ளையர், இந்தப் பக்கம் நாங்கள். ஒரே பாட்டு, ஒரே வியர்வை, நடுவில் கயிறு. கயிற்றைப் பார்த்தால் ஒசெல்லா பியானோவை மூடிவிட்டு பஸ் ஏறிவிடுவாள். பேண்டுக்காரர்கள் பட்டினியோடு முணுமுணுப்பார்கள். ஊர் விஷயமாக இருந்தால் அவளும் விட்டுக்கொடுத்திருப்பாள், ஆனால் இது அம்மா விஷயம். வெள்ளைக்கார வீடுகளுக்குத் துணி வெளுத்து அவளை வளர்த்த அம்மா, சபையில் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுகிற லுட்டீஷா, முதல் நாளே சொல்லிவிட்டாள்: "கயிறு கட்டின இடத்துக்கு நான் வரமாட்டேன்டி. கயித்துக்கு ரெண்டு பக்கமும் தொங்கறதுக்குத் துணி இருக்கு, மனுஷனுக்கு என்ன வந்துச்சு?" அதனால் மகளின் பேண்டை நாடே கேட்டது, பெற்றவள் கேட்கவில்லை. ஒசெல்லாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

கடைசியில் எங்கள் ஊர்க் கிடங்கின் முதலாளி, கூட்டம் வந்தால் போதும் என்று, கயிறு கிடையாது என ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார். பழைய கயிற்றையும் எரித்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள். அன்று மத்தியானம் ஊர்ப் போலீஸ் தலைவர் ஷெரீப் பர்டெட் வந்து பார்த்தார். கயிறு இல்லாமல் நடனமா என்று அவருக்கு ரத்தம் கொதித்தது. வேறு கயிறு அகப்படாததால், கிடங்குக்குப் பின்னால் லுட்டீஷாவின் முற்றத்தில் கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்து, ஈரத் துணிகளைக் கூடையில் தள்ளிவிட்டு எடுத்து வந்து கட்டினார்.

சாயங்காலம் ஒசெல்லா உள்ளே வந்தபோது கிடங்கு நிரம்பியிருந்தது. டிரம்ஸ்காரர் கிளியோஃபஸ் கயிற்றைக் காட்டி, பஸ்ஸை எடுக்கச் சொல்லவா என்று கேட்டார். ஒசெல்லா தன் தெருக்காரர்களின் முகங்களை ஒரு தடவை பார்த்தாள்.

"கயிறு எவ்வளவு உயரத்துல இருக்கு, பிரதர்?"

"இடுப்பு உயரம், மிஸ் ஒசெல்லா."

"அவ்வளவுதானே," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கு வாசித்ததை நாங்கள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முதல் பாட்டிலேயே எல்லோரும் கயிற்றைத் தாண்டி எழும்பினோம். இரண்டாவதில் உத்தரத்தைத் தொட்டோம். கூரைக்கடியில் வங்கிக்காரர் மனைவியும் மீன் பொரிக்கிற எங்கள் அல்தியாவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியொரு சந்தோஷம். ஷெரீப் காதில் பஞ்சு வைத்திருந்தார். ஆனால் பூட்ஸ் கால் தானாகத் தாளம் போட்டுவிட்டது, அவரும் மேலே வந்து சேர்ந்தார். அவருக்கு உயரம் என்றால் பயம் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. அவரவர் பக்கத்துக்குப் போங்கள், அப்புறம் இறங்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். காற்றில் எது எந்தப் பக்கம் என்று யாருக்கும் விளங்கவில்லை. இறங்க வேண்டுமானால் ஒசெல்லா மெதுவான பாட்டு ஒன்று வாசிக்க வேண்டும். அவளோ கயிற்றைப் பார்ப்பதும் வேகத்தைக் கூட்டுவதுமாக இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் லுட்டீஷா இடுப்பில் ஈரத்துணிக் கூடையோடு உள்ளே வந்தாள். கொடியைத் தேடித் தெருவெல்லாம் அலைந்த கோபம். அந்தக் கோபத்தில் பாட்டு அவள் காதில் ஏறவேயில்லை, கால் தரையிலேயே இருந்தது. நேரே போய்க் கயிற்றின் முடிச்சில் கை வைத்தாள்.

"லுட்டீஷா, அதைத் தொடாதே!" மேலிருந்து ஷெரீப்பின் குரல் வந்தது.

லுட்டீஷா நிமிர்ந்து பார்த்தாள். "ஷெரீப் ஐயா, இது என் துணிக்கொடி. கட்டினது நீங்க, எடுத்துக்கன்னும் நீங்களே சொல்லிடுங்க. நாளைக்குப் போடுற உங்க சட்டையும் இந்தக் கூடையிலதான் கிடக்கு."

ஷெரீப் கீழே பார்த்தார், பார்த்திருக்கக் கூடாது. உத்தரத்தை இறுகக் கட்டிக்கொண்டு, "எடுத்துக்கங்க, மிஸஸ் டிரிபெட்," என்றார்.

மனிதர் பறப்பதையெல்லாம் நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். ஒரு வெள்ளைக்காரர் வாயால் எங்கள் பெண்பிள்ளையை மரியாதையாக மிஸஸ் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. லுட்டீஷா நிதானமாக முடிச்சை அவிழ்த்து, கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டாள். ஒசெல்லா மெதுவான பாட்டுக்கு மாறினாள். நாங்கள் கலந்தபடியே இறங்கினோம், இறங்கின இடத்திலேயே ஆடினோம்.

லுட்டீஷா வாசல்வரை போய்விட்டாள். அங்கே, அது சபையில் தான் முணுமுணுக்கிற பாட்டு என்று தெரிந்து நின்றாள். கூடை கையிலிருந்து நழுவியது. எங்களை இறக்கின பாட்டே அவளைத் தூக்கியது. குதிகால் எழும்பியது, பிறகு விரல். கயிற்றின் ஒரு நுனி தரையில் இழுபட, அவள் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தாள். ஒசெல்லா அழுதுகொண்டே, இறக்கிவிடட்டுமா அம்மா என்று கேட்டாள்.

"நிறுத்தாதடி," என்றாள் லுட்டீஷா. "இன்னும் கொஞ்சம் வாசி."

செவ்வாய்க்கிழமை காலை ஷெரீப் ஈரச் சட்டையோடு வேலைக்கு வந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.