பங்கு போட்ட மாத்திரை

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. குடையை விரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க விடாத தூறல். லிங்கராஜபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்திறங்கிய லீனா மருத்துவமனை அறைக்குள் நுழைந்தபோது, அவளுடைய அக்கா மௌரீன் அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு அதன்மேல் படுத்திருந்தாள். கருப்பையில் புற்றுநோய் என்பது உறுதியாகி ஒரு வாரமாகியும் கையெழுத்து மட்டும் விழவில்லை.

“எதுக்குடி ஆபரேஷன்? உன் மாத்திரையைத்தான் நிறுத்திட்டேன்ல. தீனி போடலைன்னா தானா சுருங்கிடும்.”

“டாக்டர்கிட்ட அதைச் சொன்னியாக்கா?”

“சொல்லி உன் மானத்தை வாங்கவா? ஹார்மோன் எதுவும் சாப்பிடலைன்னுட்டேன்.”

லீனாவுக்கு முகம் எரிந்தது. தன் கருப்பையை எடுத்த பிறகு உடம்பில் ஏறிய அனலுக்காக அவளுக்கு எழுதிக்கொடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் அவை. மாதவிடாய் நின்று வியர்த்துக்கொட்டிய அக்காவிடம், “சாப்பிட்டுப் பாரு, மூஞ்சியே பளபளன்னு ஆயிடும்” என்று மூன்று ஆண்டுகள் பங்கு போட்டுக் கொடுத்தவள் அவளே. நின்ற உதிரம் மறுபடி தலைகாட்டியபோது, “வயசு திரும்புதுக்கா!” என்று கேலி பேசிச் சிரித்தவளும் அவளே.

டாக்டர் அனந்தலக்ஷ்மி உள்ளே வந்தார். “என்னம்மா, இன்னைக்காவது சைன் ஆகுமா?”

மௌரீன் கண்ணை மூடிக்கொண்டாள். லீனா தரையைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னாள். பளபளப்பை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு அதையும் சொன்னாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது லீனாவுக்கு.

“உங்களுக்குக் கருப்பை இல்லை, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுக்கலாம். இவங்களுக்கு இருக்கே? ஈஸ்ட்ரோஜன் அதோட உள்சுவரை வளர்த்துக்கிட்டே போகும். புரோஜெஸ்டிரோன்தான் அதுக்குக் கடிவாளம். கடிவாளம் இல்லாம மூணு வருஷம் ஓடியிருக்கு.”

“இப்பதான் நிறுத்தியாச்சே, மேடம்,” என்றாள் மௌரீன், கண்ணைத் திறக்காமலே.

“வெறும் தடிப்புன்னா யோசிச்சிருக்கலாம். இது புற்றுநோயாவே மாறிடுச்சும்மா. மாத்திரையை நிறுத்தினதை மட்டும் நம்பி விட முடியாது. ஆரம்பத்துலயே பிடிச்சிருக்கோம், எடுத்துடலாம்.”

மௌரீன் எழுந்து உட்கார்ந்தாள். தலையணைக்கு அடியிலிருந்து கசங்கிய படிவத்தை உருவினாள்.

“மூஞ்சி பளபளன்னு ஆகுமாம்! மூணு வருஷம் முழுங்கினேன். என் வீட்டுக்காரர் ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தாரா? பேனா குடுடி.”

லீனாவால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. பேனாவைக் கொடுத்தாள். மௌரீன் நிதானமாகக் கையெழுத்திட்டாள். வாங்க நீண்ட தங்கையின் கையைக் கடந்து, படிவத்தை டாக்டரிடம் கொடுத்தாள்.