இரண்டாவது குரல்

கூப்பிட்டு யாரும் வராமல் போனால், நாளையிலிருந்து இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த ஒரு நினைப்புதான் ரங்கம்மாளின் மனசில் ஓடியது. பள்ளிக்கூடத்தின் மேல்படியில் நின்றிருந்தாள். பக்கத்தில், வெள்ள ஒத்திகை நடத்த வந்திருந்த அதிகாரி தீனதயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது.

பதினெட்டு வருஷமாக நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் சேர்த்துப் போகிறவள் அவள். விடியற்காலை இருட்டில் தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுப்பாள். ஒன்றுதான். இரண்டாவது உண்டென்று தெரிந்தால் முதல் குரலுக்கு யார் எழுந்திருப்பார்கள்? காதில் விழுந்தவர்கள் தூக்குச்சட்டியோடு ஓடிவருவார்கள். அசந்தவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. கூடப்பிறந்த தங்கையையே ஒருநாள் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்தக் குரல் போன வருஷம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இங்கே துணி காய்கிற வெயில். கல்வராயன் மலை மட்டும் மழையில் கறுத்துக் கிடந்தது. ஆற்றங்கரைக்குப் போனவள், தண்ணீர் செம்மண் நிறமாகி நுரை கட்டி ஏறுவதைப் பார்த்தாள். வெயிலில் நின்றுகொண்டு வெள்ளம் என்று கத்தினால் சிரிப்பார்களே என்று கூசினாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். நாலாவது வாசலில் தண்ணீர் அவள் காலைத் தொட்டது. கடைசி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சடையனை மூன்றாம் நாள் கருவேலம் புதரிலிருந்து எடுத்தார்கள்.

தீனதயாளன் ஏற்கெனவே இரண்டு தடவை முயன்றுவிட்டார். முதல் தடவை ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார். ஏதோ தருகிறார்கள் என்று பையோடு வந்தவர்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். அடுத்த தடவை சைரன். வேடிக்கை பார்க்க எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள், வாசலைத் தாண்டவில்லை. "தண்ணி வந்தா நான் நீந்திப் போய்க்கிறேன், நீங்க பத்திரமா ஊரு போய்ச் சேருங்க சார்" என்றார் நடக்க முடியாத பெரியவர் பாவாடை, கட்டிலில் படுத்தபடியே. தெருவே சிரித்தது.

அப்புறம்தான் தீனதயாளன் ரங்கம்மாளைத் தேடி வந்தார். நேற்று சாயங்காலம் அவள் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள்.

"இன்னா அத்த, நடவா களையா?" என்றாள் அவளோடு நடவுக்கு வரும் ஜெயசுதா.

"ரெண்டும் இல்ல. வெள்ளம் வந்தா பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போறதுன்னு பழகிக்கத்தான். காலையில கொரல் குடுப்பேன்."

"கூலி?"

"கெடையாது."

"டீ கூடவா? நல்லா கூப்புட வந்த போ!"

ரங்கம்மாள் திரும்பினாள். எதிரே பூட்டிக் கிடந்த சடையனின் வீட்டைப் பார்த்தாள். ஜெயசுதாவும் பார்த்தாள். அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"நேரமாச்சும்மா" என்றார் படியில் பக்கத்தில் நின்றிருந்த தீனதயாளன்.

ரங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணுக்குள் இருட்டு வந்ததும் குரலும் வந்தது.

"கெளம்புங்...கோ...ஓ!"

குரல் தெருக்கோடி வரை போய் அடங்கியது. ஒரு சத்தமும் இல்லை. ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது. பிறகு எங்கோ ஒரு தாழ்ப்பாள் சத்தம். இன்னொன்று. கண்ணைத் திறந்தபோது தெரு நிறைந்திருந்தது.

பதினெட்டு வருஷத்தில் அவள் இதைப் பார்த்ததே இல்லை. இருட்டில் எப்போதும் முன்னால் நடப்பவள். பின்னால் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். இந்தக் குரலுக்குப் பின்னால் இத்தனை முகங்களா? யாரும் சொல்லாமலே பெண்கள் வரப்பில் நடப்பதுபோல ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஜெயசுதா ரேஷன் கார்டை பிளாஸ்டிக் பையில் கட்டி இடுப்பில் செருகியிருந்தாள். கைக்குழந்தைகள், அவிழ்த்துவிட்ட ஆடுகள், பாதி வெந்த சோற்றுப் பானையோடு ஒருத்தி. எல்லோருக்கும் கடைசியில் நாலு பேர் பாவாடையைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

"டேய், பொணத்தத் தூக்கினு போற மாதிரி ஆட்டாதீங்கடா! உசுரோடதான் கீறேன்!"

 ரங்கம்மாளுக்குப் பயமாகக்கூட இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்பத்தி மூணு பேரு! ஏழே நிமிஷம்!" தீனதயாளன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அதற்குள் அவர் போன் அடித்தது. பேசிவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார்.

"கள்ளக்குறிச்சியில இருந்து பெரிய அதிகாரி வந்துகிட்டிருக்காரும்மா. பத்து நிமிஷம்தான். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு இன்னொரு தடவை கூப்பிடுங்க. அவரும் பாக்கணும், வீடியோவும் எடுக்கணும்."

கூட்டம் அவள் முகத்தைப் பார்த்தது. பாவாடையும் கட்டிலில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கூப்புட்டாச்சு சார்" என்றாள் ரங்கம்மாள், மெதுவாக.

படியிறங்கிப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எதிரே, திறந்து போட்ட கதவுகளோடு தெரு நீண்டு கிடந்தது. கடைசி வீட்டுக் கதவில் மட்டும் பூட்டு தொங்கியது.