அசல் ஒன்று போதும்

ஆபீசில் அவருக்குப் பூட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பதிவறையில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். நீலச் சீட்டில் யார், எந்தப் பிரிவு, எந்தக் கோப்பு, எதற்காக என்று நாலையும் எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு ஈ கூட உள்ளே நுழைய முடியாது. ஒரு தடவை பெரிய அதிகாரியே வந்து நின்றார். "சீட்டு எழுதிக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவர் எழுதி முடிக்கும்வரை கதவை மறித்துக்கொண்டே நின்ற மனுஷன் இவர்.

அப்பேர்ப்பட்ட பூட்டுதான், ஊர் பேர் தெரியாத ஒரு ஆப் கேட்டதும் ஐந்து தடவை 'அனுமதி' என்று அழுத்தினார். எதற்கு என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. சொல்லும்போதே வயிறு எரிகிறது.

போனில் இருந்தது அவர் மனைவியின் குரல். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள், வாய் ஓயாதவள். தையல் மெஷின் கடகடவென்று ஓடும்போது அதையும் மீறிப் பேசுவாள். போன வருஷம் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசிப் பேசிப் பதிந்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று. முதல் பதிவில் "ஏங்க" என்று கூப்பிடுவது மட்டும்தான், ஏழு விதமாக. பன்னிரண்டாவது, அவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதற்கான திட்டு. இருபதாவது வெறும் சிரிப்பு. கடைசிப் பதிவு ஒரு தாலாட்டு. வெளியூரில் இருக்கும் மகள் அப்போது நாலு மாசம். பாட்டி குரல் எப்படி இருக்கும் என்று பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தெரியவேண்டாமா?

அவள் அத்தனையையும் மகளுக்கும் அனுப்பியிருந்தாள். பூட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"வெளியில நகல் சுத்தினா யார் கையில போகும்னு சொல்ல முடியாது. அழிச்சிடு. அசல் ஒண்ணு போதும். அது என்கிட்ட பத்திரமா இருக்கும்."

ஆபீசில் வருஷக் கடைசியில் நகல்களை எல்லாம் பொறுக்கி எடுத்துக் கிழித்துப் போடுவார்கள். அதுதான் அவருக்கு மிகவும் பிடித்த வேலை. கிழித்து முடித்ததும் அலமாரிகள் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும் என்பார்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாசம். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பேரும் டீயோடு உட்காருவார்கள். வரிசைப்படி ஒரு பதிவை அவர் போடுவார். தன் குரலுக்கு ஏற்றபடி அவள் வாயசைப்பாள். பன்னிரண்டாவது வரும் நாளில் அவரைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டித் திட்டுவாள். அந்த அரைமணி நேரம் வீட்டில் பழையபடி இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நேற்றுக் காலை அவருக்கு ஒரு யோசனை. பதிவுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன, ஒரே இடத்தில் அடுக்கிவிடலாம். போனோடு வந்த கோப்பு ஆப் ஒன்று இருந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, வெறும் அட்டைப்பெட்டி" என்று மூடிவிட்டார். அடுத்து செய்தி படிக்கப்போன இடத்தில் சிவப்பாக ஒரு கட்டம் துடித்தது. உங்கள் போன் 94 சதவீதம் நிரம்பிவிட்டது, ஆபத்து, உடனே ஒழுங்குபடுத்துங்கள். தொட்டார். நம்பகமான இடத்திலிருந்து வரவில்லை என்று போனே எச்சரித்தது. அதையும் தள்ளிவிட்டார். கோப்புகளைப் பார்க்க அனுமதியா? சரி. தொடர்பு எண்கள்? சரி. கேமரா? சரி. மைக்? சரி. குறுஞ்செய்திகள்? அதுவும் சரி.

அடுக்கியது என்னவோ அழகாகத்தான் அடுக்கியது. அவர் ஆபீஸ் வழக்கப்படி, ஒரே விஷயத்துக்கு ஒரே எண் என்று, நாற்பத்து மூன்றுக்கும் ஒரே கோப்பு எண்ணைக் கொடுத்துச் சந்தோஷமாகத் தூங்கினார்.

இன்று காலை அந்த ஆப் கேட்டது. நகல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. நீக்கவா?

நகல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் முப்பத்தோரு வருஷப் பழக்கம் விரலுக்கு வந்துவிட்டது. அழுத்தினார். விரலை எடுத்த பிறகுதான் கீழே பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் படித்தார். 43.

மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவியிடம், "கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்மா" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

போன் ரிப்பேர் கடை நடத்தும் பெண்ணைத் தெருவே டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திறந்து கிடக்கும் போன்களுக்கு நடுவில் இருப்பாள். இரண்டு மணி நேரம் போனைக் கணினியில் மாட்டிவைத்து என்னென்னவோ செய்து பார்த்தாள். அவர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியில் உட்கார்ந்திருந்த மாதிரியே.

"சார், இது கோப்பு அடுக்குற ஆப்பே இல்ல. எதைப் பார்த்தாலும் நகல், குப்பைன்னு சொல்லும். அழிச்ச இடத்துல விளம்பர வீடியோவா இறக்கி நிரப்பியிருக்கு. அதனால மீட்க முடியல."

"ஒண்ணாவது? ஒரே ஒண்ணு? அந்தச் சிரிப்பாவது?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "போனோட வந்ததே போதுமே சார். வேற வேணும்னா கூட போன்ல இருக்கிற ஆப் கடையில போய், செஞ்சது யாருன்னு பார்த்து, என்ன அனுமதி கேக்குதுன்னு பார்த்துத்தானே எடுக்கணும்? கோப்பு அடுக்குறவனுக்கு உங்க சொந்தக்காரங்க நம்பர் எதுக்கு? கேமரா எதுக்கு? நீங்க கேக்கலையா?"

எதற்கு. நீலச் சீட்டின் நாலாவது வரி. அதே கேள்வியை ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறார். டாக்டரம்மா அந்த ஆப்பை நீக்கி, கடவுச்சொற்களை மாற்றிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.

கடை வாசலில் நின்று மகளுக்குப் போன் போட்டார். அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. இந்தப் பெண் பிறந்ததிலிருந்து அவர் சொன்ன எதையும் கேட்டதில்லை.

"அம்மா குரல் பதிவெல்லாம் உன்கிட்ட இருக்காம்மா?"

"நீங்க அழிக்கச் சொன்னீங்களேப்பா."

"சொன்னேன். அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

"படிப்புல கேக்கல. வேலையில கேக்கல. கல்யாணத்துல கேக்கல. இதுல மட்டும் ஏம்மா என் பேச்சைக் கேட்ட?"

விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மாவுக்கு ஆபரேஷன் நேரம். உங்க மனசு நோகக் கூடாதுன்னு இதை மட்டும் கேட்டேன்ப்பா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவரும் நடுத்தெருவில், சைக்கிள்களுக்கும் காய்கறித் தள்ளுவண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு அழுதார்.

நாலு மணிக்கு டீ வந்தது. மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, போனுக்காகக் கையை நீட்டினாள். இன்று நாற்பத்து மூன்றாவதின் முறை. தாலாட்டு.

அவர் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை. நேற்று என்ன செய்தார், இன்று என்ன செய்தார், மகள் என்ன சொன்னாள் என்று எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

அவள் வாய் திறந்தது. திட்டினாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை காற்றை அறைந்தது. கழுத்தில் இருந்த சிறு துளை வழியாக மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. எழுதுவதற்கு வைத்திருந்த வெள்ளைப் பலகையை எடுத்து எதையோ எழுதப்போனாள். மார்க்கர் முனை உள்ளே அமுங்கிப்போயிற்று. பலகையைத் தூக்கி மெஷின் மேல் எறிந்தாள். அவளுடைய கோபத்துக்கு அந்த வீட்டில் கிடைத்த சத்தம் அது ஒன்றுதான். பன்னிரண்டாவது பதிவில் இருந்த மாதிரி அவள் ஒரே ஒரு தடவை திட்டிவிட்டால் போதும், மிச்ச ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

டீ ஆறி ஏடு படிந்தது. வெகுநேரம் கழித்து அவளே எழுந்து வந்து அவர் கையிலிருந்த போனை வாங்கினாள். பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினாள். மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, தாலாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாயசைத்துப் பாடினாள். ஒரு வரியைக் கூட விடவில்லை. பாடிக்கொண்டே தலையணையைத் தட்டினாள்.

நிறுத்திவிட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் போட்டுக் கேட்டார். மூச்சு இருந்தது. தட்டல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அவள் பலகையைப் பொறுக்கி எடுத்து, அமுங்கிய மார்க்கரால் அழுத்தி எழுதிக் காட்டினாள்.

'இதுக்காவது நகல் எடுத்து வைங்க.'

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை மகளுக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுக் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். அழிக்காதே.